பிடித்த கன்ட்ரி பாடகரை நேரில் சந்திப்பதும் அந்த நினைவைக் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்தது கன்ட்ரி இசை. டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரம்தான் அதற்குத் தாய்வீடு. எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி, ‘எங்கே, எப்படிச் சந்திப்பது?’ என்பது. மீதிப் பாதி சந்தித்து வந்த பிறகு எழுபவை: கையெழுத்து மங்குகிறது, டிக்கெட் வெளுத்துவிட்டது, அப்பாவின் பழைய படத்தில் தேதி இல்லை. இரண்டுக்கும் சேர்த்தே பதில் தந்திருக்கிறோம்.

கன்ட்ரி பாடகர்களை மட்டும் ரசிகர்கள் இவ்வளவு நெருக்கமாகச் சந்திக்க முடிவது எப்படி?

அது அந்த இசையோடு சேர்ந்தே வளர்ந்த வழக்கம். 1925 நவம்பர் 28 அன்று நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் தொடங்கிய நிகழ்ச்சிதான் பிறகு கிராண்ட் ஓல் ஆப்ரி ஆனது. பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து நேரடியாக ஒலிபரப்பும் நிகழ்ச்சி என்பதால், வாராவாரம் வானொலியில் கேட்ட குரலைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டி வந்தார்கள். பாடகர்களும் ஊர் ஊராகப் போய்ப் பாடி, பாடி முடித்ததும் மேடை ஓரத்தில் நின்று படம் விற்று, கையெழுத்துப் போட்டு, வந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசித்தான் பிழைத்தார்கள். ரசிகரை மதிக்காதவர் அந்த உலகில் நிலைத்ததில்லை.

அந்நாளில் நாஷ்வில்லில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வானொலி அறிவிப்பாளர்களுக்கென ஒரு மாநாடு நடந்துவந்தது. பாடகர்களைப் பார்க்க ரசிகர்கள் அங்கே முண்டியடிக்கவே, ரசிகர்களுக்கென்றே தனி விழா வேண்டும் என்று முடிவானது. அதுதான் 1972 ஏப்ரலில் நாஷ்வில் முனிசிபல் ஆடிட்டோரியத்தில் சுமார் 5,000 பேரோடு தொடங்கிய ‘ஃபேன் ஃபேர்’. அடுத்த ஆண்டே ஜூன் மாதத்துக்கு மாறியது. 1982இல் மாநிலப் பொருட்காட்சி மைதானத்துக்கும் 2001இல் நகரின் மையத்துக்கும் இடம் பெயர்ந்தது. இன்றைக்கு அதன் பெயர் சி.எம்.ஏ. ஃபெஸ்ட். சி.எம்.ஏ. என்பது கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம்.

1996இல் கார்த் ப்ரூக்ஸ் முன்னறிவிப்பு இல்லாமல் அங்கே வந்து, 23 மணி நேரம் இடைவிடாமல் நின்று கையெழுத்துப் போட்டார். 2010இல் டெய்லர் ஸ்விஃப்ட் 13 மணி நேரம் சந்திப்பதாக அறிவித்து, அதையும் தாண்டி நின்றார். அன்று வரிசையில் நின்றவர்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதில் வியப்பே இல்லை.

முதல்முறை போகிறேன். எந்த இடத்தில் வாய்ப்பு அதிகம்?

யாரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஸ்டேடியம் நிறைக்கும் பாடகர் என்றால் சி.எம்.ஏ. ஃபெஸ்ட் அல்லது அவருடைய சுற்றுப்பயணத்தின் சந்திப்பு டிக்கெட். வளர்ந்து வரும் பாடகர் என்றால் சிறிய அரங்குகளும் மாவட்டப் பொருட்காட்சி மேடைகளுமே உத்தமம். 300, 400 பேர் கொள்ளும் அரங்கில் பாடுகிறவர், நிகழ்ச்சி முடிந்து அரை மணி நேரத்தில் டி-ஷர்ட் விற்கும் மேசைக்கு அவரே வந்துவிடுவது சாதாரணம். அங்கே கட்டணமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு சிடியோ டி-ஷர்ட்டோ வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் மரியாதை.

எங்களைக் கேட்டால், நாஷ்வில்லின் ப்ளூபேர்ட் கஃபேயை முதலில் சொல்வோம். 1982இல் திறந்த இந்த இடம் ஒரு சின்னக் கடைவரிசையில் இருக்கிறது. மொத்தம் 90 இருக்கைதான். பாட்டு எழுதுகிறவர்கள் நாலு பேர் அறையின் நடுவே வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் எழுதிய பாட்டைத் தாங்களே பாடுவார்கள். பக்கத்து மேசைக்காரரின் முழங்கால் கிடார்மேல் இடிக்கும் அளவுக்கு நெருக்கம். பாடும்போது பேசக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. முடிந்ததும் அவர்களோடு நிதானமாகப் பேசலாம். இடம் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் இணையத்தில் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்தும் போகும். கணக்கு உருவாக்கி, அட்டை விவரத்தை முன்கூட்டியே சேமித்துவைத்தால்தான் கிடைக்கும்.

சி.எம்.ஏ. ஃபெஸ்டில் சந்திப்பு எப்படி நடக்கிறது?

ஜூன் மாதத்தில் நான்கு நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை. இரவில் நிசான் ஸ்டேடியத்தில் பெரிய கச்சேரிகள். பகலில் நகரம் முழுக்க மேடைகள். அவற்றில் பல இலவசம். நேருக்கு நேர் சந்திப்பு நடப்பது மியூசிக் சிட்டி சென்டர் என்ற குளிரூட்டிய கண்காட்சி அரங்கில், ‘ஃபேன் ஃபேர் எக்ஸ்’ என்ற பகுதியில். அதற்குத் தனி நுழைவுச் சீட்டு உண்டு. ஸ்டேடியம் டிக்கெட்டை மட்டும் வாங்கிவிட்டு வாசலில் திகைத்து நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

உள்ளே ஒவ்வொரு பாடகருக்கும் குறித்த நேரம், குறித்த கூடம். பெரும்பாலும் வரிசைக்கு ஓர் எல்லை வைத்து, அதற்குப் பின்னால் வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிகப் பெரிய பெயர்களுக்கு முன்பதிவோ குலுக்கலோ இருக்கலாம். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் விழாவின் செயலியை ஒரு வாரம் முன்பே இறக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளில் இரண்டு பேரைக் குறிவைப்பதே நடக்கிற காரியம். நாலு பேரைத் திட்டமிட்டால் நாலும் கைநழுவும். ஒரு வரிசை நீண்டால் அடுத்தது தானாகவே போய்விடும்.

ஜூன் மாத நாஷ்வில் நம் ஊர்க் கோடைக்குக் குறையாத புழுக்கம். பழகிய செருப்பு அல்லது ஷூ, தண்ணீர், ஃபோனுக்குப் பவர்பேங்க் கட்டாயம். புது பூட்ஸ் வாங்கி அன்றே மாட்டிக்கொண்டு வந்தால் மதியத்துக்குள் கொப்புளம் வரும். ஸ்டேடியத்துக்குள் ஒளிபுகும் பைதான் அனுமதி: 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குல ஆழத்துக்குள். கையெழுத்துக்காக வைத்திருக்கும் எல்.பி. இசைத்தட்டின் அட்டையே 12 அங்குலத்துக்குச் சற்று மேல் என்பதால் அந்தப் பைக்குள் நேராக நிற்காது. ஆகவே எல்.பி.யைப் பகல் சந்திப்புக்கு மட்டும் கொண்டுபோய், மாலையில் அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

கிராண்ட் ஓல் ஆப்ரிக்குப் போனால் பாடகரைப் பார்க்க முடியுமா?

மேடையில் பார்க்கலாம். கைகுலுக்கும் வாய்ப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆப்ரியில் ஒரே இரவில் பல பாடகர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. உங்களுக்குப் பிடித்தவர் பதினைந்து நிமிடத்தில் பாடி முடித்துவிடுவார் என்பதை எதிர்பார்த்தே போங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நடக்கும் மேடைப்பின் சுற்றுலாவுக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. ஒப்பனை அறைகள், பாடகர்கள் உள்ளே வரும் வாசல் எல்லாம் காட்டுவார்கள். முதல் எண் அறை ஆப்ரியின் மூத்த பாடகர் ராய் அகஃபுடையதாக இருந்தது. உள்ளே ஒரு சின்ன அஞ்சலகமும் இருக்கிறது. ஆப்ரி உறுப்பினர்களான பாடகர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி, ரசிகர் கடிதங்கள் அதில் வந்து விழும். மேடையின் நடுவில் ஆறடி அகலமுள்ள வட்டப் பலகையைக் கவனியுங்கள். 1943 முதல் 1974 வரை ஆப்ரி நடந்த ரைமன் ஆடிட்டோரியத்தின் மேடையிலிருந்து வெட்டி எடுத்துவந்து பதித்தது அது. 2010 மே வெள்ளத்தில் மேடையே மூழ்கியபோதும் அந்த வட்டம் பிழைத்தது. சுற்றுலாவில் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள விடுவார்கள். பாடகரைச் சந்திக்கக் கிடைக்காத நாளில்கூட அந்த ஒரு படம் மனசை நிறைக்கும்.

‘வி.ஐ.பி.’ டிக்கெட் வாங்கினேன். சந்திப்பு இல்லை என்கிறார்களே?

மிக அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ‘வி.ஐ.பி.’ என்றால் சந்திப்பு என்று பொருளில்லை. முன்வரிசை இருக்கை, ஒரு போஸ்டர், கழுத்தில் மாட்டும் அட்டை, தனி நுழைவு என்று இவ்வளவோடு முடியும் தொகுப்புகள் ஏராளம். ‘மீட் அண்ட் கிரீட்’ என்ற சொல்லும், ‘கலைஞருடன் தனிப்படம்’ என்ற சொல்லும் பட்டியலில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘குழுப்படம்’ என்றால் பத்துப் பதினைந்து பேரோடு ஒரே படம். ‘மேடைப்பின் சுற்றுலா’ என்றால் பாடகர் இல்லாமல் மேடையை மட்டும் பார்ப்பது.

பணம் கொடுக்காத வழிகளும் உண்டு. பல பாடகர்கள் தங்கள் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்குக் குலுக்கல் நடத்துகிறார்கள். உள்ளூர் கன்ட்ரி வானொலிகளும் போட்டி வைத்துத் தருகின்றன. குலுக்கலில் பெயர் வந்தவர் கச்சேரி டிக்கெட்டைத் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பதையும், அந்த இடம் வேறொருவருக்கு மாற்ற முடியாதது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சேர்ந்திருக்கும், பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள்.

சந்திப்பின்போது என்னென்ன நடக்கும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

1. கச்சேரிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரச் சொல்லி மின்னஞ்சல் வரும். குறித்த நேரம் தாண்டினால் பதிவு மேசையை மூடிவிடுவார்கள்; பிறகு யாரிடம் கெஞ்சினாலும் பலனில்லை.
2. அடையாள அட்டை பார்த்து, மணிக்கட்டுப் பட்டையோ சட்டையில் ஒட்டும் துணி ஸ்டிக்கரோ தருவார்கள். ஸ்டிக்கரைத் தோல் ஜாக்கெட்டில் ஒட்டாதீர்கள். பசை மேற்பூச்சை உரித்துவிடும்.
3. பையையும் ஃபோனையும் ஓரமாக வைக்கச் சொல்வார்கள். படம் எடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய புகைப்படக்காரர்.
4. உங்களுக்கு முன்னால் இருப்பவர் படத்துக்கு நிற்கும்போதே கண்ணாடியைத் துடைத்து, கையில் உள்ளதை இடதுகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலதுகை கைகுலுக்கக் காலியாக இருக்கட்டும்.
5. வணக்கம், ஒரு வாக்கியம், படம், நன்றி. மொத்தம் 20, 30 விநாடி. ஊழியர் தோளில் கை வைத்து நகர்த்துவார். அது அவமதிப்பாகாது, வரிசை நகர வேண்டும்.
6. படம் ஓரிரு நாளில் ஓர் இணைப்பில் வரும். சில வாரங்களில் அந்த இணைப்பு காலாவதியாகும். வந்த அன்றே முழு அளவுப் படத்தை இறக்கிவிடுங்கள்.

என்ன பேசுவது? வாய் அடைத்துப்போகிறதே!

எல்லாருக்கும் அடைக்கும். அதனால்தான் ஒரே ஒரு வாக்கியத்தை முன்பே தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ‘நான் உங்கள் தீவிர ரசிகன்’ என்பதை அவர் அன்று நூறு பேரிடம் கேட்டிருப்பார். ஒரு பாட்டின் பெயர், அது உங்கள் வாழ்வில் எந்த இடத்தில் வந்தது என்ற ஒரு விவரம்: ‘ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த மூன்று வாரமும் இந்தப் பாட்டைத்தான் கேட்டோம்.’ இப்படிச் சொன்னால் அவர் கண் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் கடைசிவரை நினைவில் நிற்கும்.

தவிர்க்க வேண்டிய கேள்வி: ‘போன வருஷம் சந்தித்தோமே, என்னை ஞாபகம் இருக்கிறதா?’ ஆயிரக்கணக்கானவரைச் சந்திக்கும் மனிதரைத் தர்மசங்கடத்தில் தள்ளும் கேள்வி இது. ‘போன வருஷம் இன்ன ஊரில் சந்தித்தேன்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பாட்டு எழுதிக் கொண்டுபோய்க் கையில் திணிப்பதும் வேண்டாம். பின்னால் திருட்டு வழக்கு வரும் என்ற அச்சத்தில் அவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள்.

தென்மாநில வழக்கப்படி ‘சார்’, ‘மேம்’ என்று அழைப்பது அங்கே இன்றும் மரியாதை. ஒருவர் தலையில் இருக்கும் கௌபாய் தொப்பியைத் தொடுவது பெரிய தப்பு. விளையாட்டுக்குக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படத்தில் பாடகரின் முகம் இருட்டாக விழுந்துவிட்டது. ஏன்?

தொப்பிதான் காரணம். கூரையிலிருந்து விழும் வெளிச்சத்தை விளிம்பு மறைத்து, கண்ணும் மூக்கும் நிழலுக்குள் போய்விடும். கேமரா பின்னால் உள்ள பளிச்சென்ற பேனரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதால் நிழல் இன்னும் கறுத்துவிடும். நீங்களே ஃபோனில் எடுக்க வாய்த்தால், ஃபோனை மார்பு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்து, முகத்தைத் திரையில் தொட்டுக் குவியம் வைத்து, ஃப்ளாஷைக் கட்டாயம் எரியும்படி மாற்றுங்கள். ‘தானியங்கி’யில் விட்டால் பல நேரம் எரியாது. இருவரும் பேனரை ஒட்டி நிற்காமல் இரண்டடி முன்னால் வந்தால் பின்னால் விழும் நிழலும் குறையும். ஏற்கெனவே எடுத்த படம் என்றால், எடிட் செய்யும்போது மொத்த வெளிச்சத்தைக் கூட்டாமல் நிழல் பகுதியை மட்டும் உயர்த்துங்கள். மூலப்படத்தின் ஒரு பிரதியைத் தொடாமல் வைத்திருங்கள்.

எதில் கையெழுத்து வாங்குவது, எந்தப் பேனாவில்?

முதலில் ஓர் எச்சரிக்கை: கட்டணச் சந்திப்புகள் பலவற்றில் கையெழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். விதியைப் படித்துவிட்டுப் பொருளைத் தூக்குங்கள். அனுமதி இருந்தால் ஒரு பொருள் மட்டும்.

சிடி என்றால் பிளாஸ்டிக் பெட்டியின்மேல் வாங்காதீர்கள். மை பிளாஸ்டிக்கில் ஊறுவதில்லை, அலமாரியில் உரசி உரசி ஒரு வருடத்தில் போய்விடும். உள்ளே இருக்கும் தாள் புத்தகத்தை வரிசையில் நிற்கும்போதே வெளியே எடுத்துத் தயாராக வையுங்கள். இசைத்தட்டின் அட்டையில் வெளிர் நிறமாக உள்ள இடத்தைக் காட்டி, அங்கே கறுப்பு அல்லது நீல நிலையான மார்க்கர் கொடுங்கள். அட்டையின்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியாக வேண்டும்; உறைமேல் விழுந்த கையெழுத்து உறையோடு போகும்.

கறுப்பு அட்டைக்கு வெள்ளி நிறப் பெயின்ட் மார்க்கர். அதை அப்படியே நீட்டிவிடக் கூடாது. மூடியோடு நன்றாகக் குலுக்கி, ஒரு துண்டுத் தாளில் முனையை நாலைந்து முறை அமுக்கி, மை சீராக வருகிறதா என்று எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் எழுத்திலேயே ஒரு பொட்டு மை சொட்டும். காய இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். வாங்கிய மகிழ்ச்சியில் மார்போடு அணைத்துக்கொள்வதால்தான் பாதிக் கையெழுத்துகள் இழுபடுகின்றன. இரு ஓரங்களையும் பிடித்துத் தட்டுபோல் ஏந்தி நடங்கள்.

புத்தகம், கடிதத்தாள் போன்ற சாதாரணத் தாளுக்கு மார்க்கர் வேண்டாம், மறுபக்கம் ஊறும். பால்பாயின்ட் போதும். டி-ஷர்ட் என்றால் உள்ளே ஓர் அட்டையைச் செருகி இழுத்துப் பிடித்து, துணி மார்க்கரில் வாங்குங்கள். அதை இனி துவைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டே வாங்குங்கள்.

கிடாரில் வாங்கலாமா?

வாங்கலாம், வாசிக்கிற கிடாரில் வேண்டாம். வலது முன்கை படும் இடத்திலும், தந்தி மீட்டும் சின்ன வில்லையான பிக் உரசும் துளை ஓரத்திலும் கையெழுத்து ஒரு மாதம்கூடத் தாங்காது. சுலபமான வழி, பிக் உரசாமல் கிடாரைக் காக்கும் தகடான பிக்கார்டை மட்டும் தனியாக ஒன்று வாங்கிக் கொண்டுபோய் அதில் கையெழுத்து வாங்குவது. பைக்குள் அடங்கும், பாதுகாப்புச் சோதனையில் கிடாரைத் திருப்பி அனுப்பும் தொல்லையும் இல்லை. அகூஸ்டிக் கிடாரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பிக்கார்டைப் பிய்த்தெடுக்காதீர்கள். பசையோடு மேற்பூச்சும் சில நேரம் மரச்சிலாம்பும் சேர்ந்து வந்துவிடும்.

முழுக் கிடாரில்தான் வேண்டும் என்றால், முந்தின நாளே பாலிஷையும் கைப்பிசுக்கையும் மென்துணியால் துடைத்தெடுங்கள். மெழுகுமேல் மை பிடிக்காது. வாங்கிய பிறகு ‘பாதுகாப்புக்கு’ என்று அதன்மேல் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் மார்க்கர் மையையும் கரைக்கும். கண்ணெதிரே கையெழுத்து ஓடிக் கலங்கும்.

கையெழுத்து மங்கிக்கொண்டே போகிறது. நிறுத்த முடியுமா?

மங்கியதை மீட்க முடியாது, மேலும் மங்காமல் பார்த்துக்கொள்ளலாம். முதல் எதிரி வெளிச்சம். வெயில் விழும் சுவரில் மாட்டிய மார்க்கர் கையெழுத்து சில ஆண்டுகளில் பழுப்பாகி வெளுக்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், அமிலமற்ற மவுண்ட் அட்டை இரண்டையும் ஃபிரேம் கடையில் கேட்டு வாங்குங்கள். மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டுமல்ல, கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி தருவதே அதன் முதல் வேலை. இடைவெளி இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கையெழுத்து கண்ணாடியில் இருக்கும். நல்ல பிரதி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு அசலைப் பெட்டிக்குள் வைப்பது இன்னும் உசிதம்.

பிவிசி உறைகளில் போடாதீர்கள். நாளாக ஆகப் பிசுபிசுத்து மையை இழுக்கும். பாலிஎஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையே பாதுகாப்பு. லேமினேஷன் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

கச்சேரி டிக்கெட்டை லேமினேட் செய்தேன். கறுப்பாகிவிட்டது.

கவுன்ட்டரில் அச்சாகும் டிக்கெட்டுகள் பெரும்பாலும் வெப்பத் தாள். சூடு பட்டால் கறுக்கும் பூச்சு அதில் இருக்கிறது, அச்சும் அப்படித்தான் விழுகிறது. லேமினேஷன் உருளையின் சூடு முழுத் தாளையும் கறுப்பாக்கிவிட்டது. இனி அதைத் திருப்ப வழியில்லை. மற்ற டிக்கெட்டுகளையாவது இன்றே 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்துவிட்டு, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஃபோன் டிக்கெட் மட்டும் உள்ளவர்கள், நிகழ்ச்சிப் பெயர், தேதி, இருக்கை எண் தெரியும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் செயலியிலிருந்து அது மறைந்துபோகலாம்.

படமும் கையெழுத்தும் இருக்கிறதே, எழுதியும் வைக்க வேண்டுமா?

வேண்டும், அதுவும் அன்றிரவே. படம் யார் யாரோடு நின்றார் என்று காட்டும். அவர் என்ன சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், உங்கள் கையை எப்படிப் பிடித்தார் என்பது படத்தில் இல்லை. ஒரு வாரம் கழித்து எழுதினால், நீங்கள் சொல்ல நினைத்ததும் உண்மையில் சொன்னதும் கலந்துவிடும். விடுதி அறைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றும் முன்பு ஐந்து நிமிடம் ஃபோனில் குரல்பதிவாகவாவது சொல்லிவிடுங்கள்: தேதி, ஊர், அரங்கு, உடன் வந்தவர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், பேசிய வார்த்தைகள் அப்படியே, அவர் உடுத்தியிருந்தது, அன்று பாடிய பாட்டுகளின் வரிசை, உங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் பற்றி ஒரு வரி.

1961இல் டெக்ஸஸ் மாநிலம் ஹூஸ்டனில் பாட்ஸி க்ளைன் பாட வந்தார். லூயிஸ் செகர் என்ற ரசிகை கச்சேரிக்கு வெகுநேரம் முன்பே அரங்குக்குப் போய், தனியாக இருந்த பாடகியோடு பேச்சுக் கொடுத்தார். கச்சேரி முடிந்ததும் பாட்ஸி அவர் வீட்டுக்கே போய், நள்ளிரவில் பேக்கனும் முட்டையும் சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருந்தார். பிறகு பாட்ஸி அவருக்குக் கடிதங்கள் எழுதினார். 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் பாட்ஸி இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. இன்று அந்த ஓர் இரவைப் பற்றி மேடை நாடகமே இருக்கிறது. ரசிகை கடிதங்களைப் பத்திரப்படுத்தி, நடந்ததை விவரமாகச் சொன்னதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

வீட்டில் ஜிம் ரீவ்ஸ் கையெழுத்துப் போட்ட படம் இருக்கிறது. அசலா?

இலங்கையிலும் இந்தியாவிலும் அவருக்கு அன்றும் இன்றும் ரசிகர்கள் உண்டு என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். முதலில் தேதி. ஜிம் ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று விமான விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு வெளியான இசைத்தட்டில் அவர் கையெழுத்து இருந்தால் அசலாக இருக்க வழியே இல்லை. 1962இல் தென்னாப்பிரிக்காவுக்கும் 1963இல் அயர்லாந்துக்கும் பாடப் போனார். உறவினர் யாராவது அப்போது அங்கே இருந்தார்களா என்று விசாரியுங்கள்.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி. கையெழுத்துக் கோடு நுண்ணிய புள்ளிகளால் ஆனது என்றால் அது அச்சு. ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்பிய படங்கள் பல இப்படித்தான். புள்ளி இல்லாமல், மேற்பரப்பின் பளபளப்பு கையெழுத்தின்மேலும் ஒரே மாதிரி ஓடினால், கையெழுத்துப் போட்ட படத்தை மறுபடி படமெடுத்துப் பிரதி போட்டிருக்கிறார்கள். சாய்த்துப் பிடித்தால் மை தனியாக மினுங்க வேண்டும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரிய வேண்டும். மை அசலாக இருந்தாலும் செயலாளர் போட்ட கையெழுத்தாக இருக்கலாம். இரண்டு படத்தில் உள்ள கையெழுத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தினால் அது இயந்திரம் போட்டது. மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதாது.

தேதி இல்லாத பழைய படமென்றால் வெள்ளை ஓரத்தைப் பாருங்கள். 1960களின் பிரதிகள் பலவற்றில் மாதமும் ஆண்டும் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அது படம் கழுவிய தேதி. எடுத்தது அதற்கு முன்பு. பின்னால் குறிப்பு எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். படத்தை எடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரை உட்காரவைத்துக் குரல்பதிவு செய்யுங்கள். ‘எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்றுதான் பதில் வரும். படத்தைக் கையில் கொடுத்து, ‘இந்தச் சட்டை யாருடையது? எதில் போனீர்கள்? டிக்கெட்டுக்குப் பணம் யார் கொடுத்தார்?’ என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

பாடகரே எனக்கு மெசேஜ் அனுப்பி, தனிச் சந்திப்புக்குப் பணம் கேட்கிறார்.

அவர் இல்லை. உடனே நிறுத்துங்கள். கன்ட்ரி பாடகர்களின் பெயரில், முக்கியமாக வயதான, தனியாக இருக்கும் ரசிகர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. பதிவின் கீழே நீங்கள் எழுதிய அன்பான கருத்துக்குப் பதில் வரும், ‘டெலிகிராமுக்கு வாருங்கள்’ என்பார்கள், சில வாரம் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், பிறகு ‘ரசிகர் அட்டை’, ‘தனிச் சந்திப்புக் கட்டணம்’ என்று கிஃப்ட் கார்டு எண்ணோ கிரிப்டோவோ கேட்பார்கள். வீடியோவில் முகத்தைக் காட்டினாலும் நம்பாதீர்கள், அதையும் இப்போது போலியாகச் செய்ய முடியும். எந்தப் பாடகரும் கிஃப்ட் கார்டில் கட்டணம் வாங்குவதில்லை.

பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெரியவர் சிக்கியிருந்தால் திட்டாதீர்கள். அவர் நேசித்தது நிஜமான ஒரு குரலை. ஏமாற்றியவன் வேறு ஆள். அதைப் பொறுமையாகப் பிரித்துச் சொன்னால்தான் அடுத்த மெசேஜை உங்களிடம் காட்டுவார்.

கச்சேரி ரத்தானால்?

டிக்கெட் பணம் வாங்கிய இடத்திலேயே திரும்பும். சந்திப்புத் தொகுப்பை வேறு நிறுவனம் விற்றிருந்தால் அங்கே தனியாகக் கேட்க வேண்டும். கச்சேரி நடந்து, தொண்டை வலியால் சந்திப்பு மட்டும் ரத்தாவதும் உண்டு. அப்போது தொகுப்பு விலைக்கும் சாதா டிக்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். தேதி தள்ளிப்போனால் பணம் திரும்பக் கேட்க அவகாசம் கொஞ்சமே இருக்கும், மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

எனக்குப் பிடித்தவர் இப்போது உயிரோடு இல்லை. எங்கே போவது?

பாட்ஸி க்ளைன் வர்ஜீனியா மாநிலம் வின்செஸ்டரில், ஜிம் ரீவ்ஸ் டெக்ஸஸின் கார்த்தேஜ் அருகே, ஜானி கேஷ் நாஷ்வில்லை ஒட்டிய ஹெண்டர்சன்வில்லில், ஹேங்க் வில்லியம்ஸ் அலபாமாவின் மான்ட்கோமரியில் துயில்கிறார்கள். போகிறவர்கள் பூவும் கிடார் பிக்கும் வைத்துவிட்டு வருவது வழக்கம். கல்லில் உள்ள எழுத்து படத்தில் தெளிவாக விழ, காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் போங்கள். உச்சி வெயிலில் பொறித்த எழுத்து தட்டையாகிவிடும். நாஷ்வில்லில் நாள் மீதமிருந்தால் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். அவர்கள் உடுத்திய உடையும் வாசித்த கிடார்களும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பழைய கிடார்களின் மேற்பலகையில், பல்லாண்டு முன்கை உரசி அரக்கு போய் மரம் வெளுத்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள்.